குழுவில் மாணவர் எங்கே?

உங்கள் கலைக் கல்லூரியின் தரத்தை வெளியிலிருந்து மதிப்பிட மூன்று பேராசிரியர், ஒரு ஓவியர் என்று நால்வர் குழு போட்டும், "குழு அமைப்பு சரியில்லை" என்று மதிப்பீட்டு அறிக்கை திரும்பி வந்ததற்குக் காரணம், குழுவில் மாணவர் இல்லாததுதான். ஐரோப்பிய உயர்கல்வித் தர உறுதி நெறிகளில் (2015) 2.4-ஆம் விதி, வெளி மதிப்பீட்டுக் குழுவில் மாணவர் உறுப்பினர் வேண்டும் என்று நேரடியாகவே சொல்கிறது.

மாணவர்களைப் பேட்டி கண்டதையே பங்கேற்பு என்று எண்ணியிருப்பீர்கள். கலைக் கல்லூரிகளில் இது சகஜம். ஸ்டுடியோவில் ஓவியத் தாங்கியின் பக்கத்தில் நின்று பத்து நிமிடம் பேசினால் போதும் என்று நினைப்பு! பேட்டி கொடுப்பவருக்கு முடிவெடுப்பதில் பங்கு கிடையாது.

குழு உறுப்பினர் பட்டியலையும், குழு கல்லூரிக்கு வரும்போது யாரைச் சந்திக்கும் என்று சொல்லும் வருகை நிரலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மாணவர்கள் நிரலில் மட்டும் இருந்தால் சிக்கல் அதுவே.

அவசரத்தில் உங்கள் கல்லூரி மாணவரையே சேர்த்துவிடாதீர்கள். வெளியாளாக இருக்க வேண்டும். அவருக்கு முன்கூட்டியே பயிற்சியோ விளக்கமோ கொடுப்பதும் அவசியம்.