“புரிஞ்சுதா?” என்று மட்டும் கேட்காதீர்கள்

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. இரண்டு வருடமாகக் குரோன்ஸ் என்ற குடல் அழற்சி நோய். மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறான். ஆனால் நோயைப் பற்றி அவனுக்கு என்ன புரிந்திருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை, டாக்டர். எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஒரு தாய், தஞ்சாவூர்

பதில்: “புரிஞ்சுதாப்பா?” என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் தலையாட்டிவிடும் அம்மா. நான் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து, “உன் உடம்பை வரை, நோய் எங்கே இருக்குன்னு காட்டு” என்பேன். இதே நோயுள்ள ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி வயிற்றுக்குள் ஒரு புழுவை வரைந்தாள். பாட்டி வீட்டில் நிறைய மாம்பழம் தின்றதால் வந்தது என்றாள். ஒரு வருடமாக அந்தக் குற்ற உணர்வைச் சுமந்திருக்கிறாள் குழந்தை! அன்று சிகிச்சை பற்றிய பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு அரை மணி நேரம் அதைத்தான் பேசினோம். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே குடலைத் தாக்குகிறது, அவள் செய்த தப்பு எதுவும் இல்லை என்று.

உங்கள் மகனிடம் இப்படிக் கேளுங்கள்: “ஏன் மாத்திரை போடறேன்னு உன் ஃப்ரெண்டு கேட்டா என்ன சொல்வே?” இது தொற்றுமா, வலி இல்லாத நாளிலும் மருந்து ஏன், மலத்தில் ரத்தம் வந்தால் யாரிடம் சொல்வான் என்பதெல்லாம் அந்தப் பேச்சிலேயே வந்துவிடும். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து சாப்பிடுகிறான் என்றால், அதைத் திடீரென நிறுத்தக் கூடாது என்பது அவனுக்குக் கண்டிப்பாகத் தெரிய வேண்டும்.

குடல் அழற்சி நோயைப் பற்றிப் பிள்ளைகளுக்கு எவ்வளவு தெரியும் என்று பார்க்கவே நியூசிலாந்தில் உருவாக்கிய ‘ஐபிடி-கிட்2’ (IBD-KID2) என்று 15 கேள்விகள் கொண்ட வினாத்தாள் உண்டு. இருந்தாலும் முதலில் அந்தப் படத்தை வரையச் சொல்லுங்கள். அடுத்த முறை வரும்போது கையோடு கொண்டுவாருங்கள்.