பதில்: ஏ4 தாள்களில் அச்சிட்ட அறிவிப்புப் பலகையில் இணைப்பு பொருந்தவில்லை

வணக்கம். நூலகக் கண்காட்சிக்காகக் கருநீலப் பின்னணி கொண்ட ஏ1 அளவுப் பலகையை எட்டு ஏ4 தாள்களில் அச்சிட்டபோது இணைப்புகளில் வெள்ளைக் கோடு விழுவதாகவும் எழுத்துகள் பொருந்தவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். ஏ1 என்பது கணக்குப்படி எட்டு ஏ4 தாள்கள்தான் என்றாலும், வீட்டு அச்சுப்பொறிகளில் பெரும்பாலானவை தாளின் விளிம்புவரை அச்சிடுவதில்லை. நான்கு புறமும் சில மில்லிமீட்டர் வெற்றிடம் விடுகின்றன.

ஆகவே பிடிஎஃப் கோப்பை அடோபி ரீடரில் திறந்து, அச்சிடும் சாளரத்தில் ‘போஸ்டர்’ என்பதைத் தேர்ந்து, அளவை 95 விழுக்காடாகவும் மேற்படிவை (ஒரு தாளின் ஓரம் மற்றதன்மேல் ஏறும் அளவு) 10 மில்லிமீட்டராகவும் வைத்து, வெட்டுக்குறிகளையும் இயக்குங்கள். அச்சாகாத விளிம்பு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் என்றால், செங்குத்தாக வைத்த தாள்கள் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது போதும். முன்தோற்றத்தில் தாள் எண்ணிக்கையைப் பார்த்த பிறகே அச்சிடுங்கள்.

ஒவ்வொரு தாளிலும் இடது, மேல் விளிம்புகளை மட்டும் இரும்பு அளவுகோல் வைத்துக் கத்தியால் வெட்டி (கத்தரிக்கோல் வேண்டாம், கோடு வளையும்), இடப்புறம் அல்லது மேலே உள்ள தாளின் வெட்டாத ஓரத்தின்மேல் படியவைத்து ஒட்டுங்கள். நீர் கலந்த பசை தாளை உப்பச் செய்து பொருத்தத்தைக் கெடுக்கும் என்பதால் பசைக்குச்சியே நல்லது.

கருநீலப் பின்னணியைக் கைவிடுவதே என் பரிந்துரை. மை வீணாவதுடன், இணைப்பும் அதில்தான் பளிச்சென்று தெரியும். முப்பது அடி தொலைவிலிருந்து எளிதாகப் படிக்க, வெள்ளைத் தாளில் மூன்று அங்குல உயரமுள்ள தடித்த கறுப்பு எழுத்தே போதுமானது.