வார்டில் ‘ஏன்?’ என்று கேட்டால் வாயடைத்துப் போகிறேன்

கேள்வி: மருத்துவம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பாதிப் பாடம் பிபிஎல் (பிரச்சினை வழிக் கற்றல்) முறையில்தான். எட்டுப் பேர் உட்கார்ந்து ஒரு நோயாளியின் கதையை அலசுகிறோம். டியூட்டர் விடையைச் சொல்வதே இல்லை. நேரம் வீணாவதுபோல் இருக்கிறது. வார்டிலோ, “ஏன் அப்படி நினைக்கிறாய்?” என்று கேட்டதும் வாயடைத்துப் போகிறேன். என்ன செய்வது?

பதில்: கேஸ் கைக்கு வந்ததும் முதலில் என்ன செய்கிறீர்கள்? போனில் தேடி நோயின் பெயரைப் பிடித்துவிடுகிறீர்களா? நான் டியூட்டராக இருந்த குழுக்களில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். பெயர் கிடைத்ததும் பேச்சு நின்றுபோகும். காரணம் சொல்லிப் பழகும் வாய்ப்பும் அதோடு போய்விடும். வார்டில் நீங்கள் திணறுவது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

ஒரு கேஸை எடுத்துக்கொள்வோம். 62 வயதுக்காரர். “தூங்கி ரெண்டு மணி நேரத்துல மூச்சு முட்டி எழுந்திடறேன், எழுந்து உட்கார்ந்தாத்தான் சரியாகுது” என்கிறார். இரண்டு காலும் வீங்கியிருக்கின்றன. இந்த இடத்தில் தாளை மூடிவிட்டு, தோன்றுகிற மூன்று காரணங்களை எழுதுங்கள். இதயச் செயலிழப்பு, ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு என்று வைத்துக்கொள்வோம். படுத்தால் ஏன் முட்டுகிறது? காலில் தேங்கிய நீர் ரத்தத்துக்குத் திரும்புகிறது, பலவீனமான இதயத்தால் அதைத் தள்ள முடியவில்லை, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது. உட்கார்ந்தால் அந்தச் சுமை குறைகிறது. ஆஸ்துமாவும் நடுராத்திரியில் எழுப்பும். ஆனால் கால் வீக்கத்துக்கு அது பதில் சொல்லாது. சிறுநீரகக் கோளாறோ இரண்டையும் தரக்கூடியது. அதனால் சிறுநீர் குறைந்திருக்கிறதா, நுரைக்கிறதா, காலையில் முகம் வீங்குகிறதா என்று கேட்டாக வேண்டும். ‘ஏன்?’ என்ற கேள்விக்குப் பதில் இப்படித்தான் கிடைக்கிறது. டியூட்டர் வாயை மூடிக்கொண்டிருப்பதும் நீங்கள் இதை உங்கள் வாயால் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான்.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1969-ல் பிபிஎல் முறை தொடங்கியபோதும் நோக்கம் இதுதான்: நோயாளியின் பிரச்சினையில் தொடங்கி, அதற்குத் தேவையான பாடத்தைத் தேடிப் படிப்பது. அதற்காகப் பாடப் புத்தகத்தை மூட்டைகட்டி வைத்துவிடாதீர்கள். மருத்துவர்கள் நோயை எப்படிக் கணிக்கிறார்கள் என்று ஆராய்ந்த எல்ஸ்டைன் குழுவினர் 1978-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கேஸைச் சரியாகக் கணித்தவர் அடுத்த கேஸிலும் சரியாகக் கணிப்பார் என்று சொல்ல முடியவில்லை. அந்தந்த நோயைப் பற்றிய அறிவு அவ்வளவு முக்கியம். உடற்கூறும் உடலியங்கியலும் தெரியாமல் மேலே சொன்ன விளக்கம் யார் வாயிலும் வராது.

வார்டுக்கு ஒரு பழக்கம் சொல்கிறேன். நோயாளியிடம் பேசி முடித்ததும், மூத்த மருத்துவரிடம் போகுமுன், நோயாளியின் நிலையை ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள்: “62 வயது, படுத்தால் கூடி உட்கார்ந்தால் குறையும் மூச்சுத்திணறல், இரண்டு கால்களிலும் வீக்கம்.” அப்புறம் முதல் சந்தேகம், அதற்குக் காரணம்; இரண்டாவது சந்தேகம், அது ஏன் பின்னால் இருக்கிறது. தவறாகவே இருந்தாலும் பரவாயில்லை. நீங்கள் காரணத்தைச் சொன்னால்தான் எந்த இடத்தில் வழுக்கியது என்று அவரால் காட்ட முடியும்.

டியூட்டர் விஷயத்தில் உங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. குழு தவறான முடிவோடு கலைந்தால் அது டியூட்டரின் குறைதான். கடைசிப் பத்து நிமிடத்தை, “எங்கள் காரணங்களில் எது தப்பு?” என்று கேட்பதற்கு ஒதுக்கச் சொல்லுங்கள். தயங்காமல் கேளுங்கள்.