2004இல் தொடங்கிய புந்தாரெனாஸ் கிளப்பை எப்படிப் பழைய கிளப் என்கிறார்கள்?

கோஸ்டா ரிகாவின் பசிபிக் கரையில், நிக்கோயா வளைகுடாவுக்குள் நீளும் ஒல்லியான மணல்திட்டுதான் புந்தாரெனாஸ் நகரம். அங்கே கால்பந்தின் கதை இந்தக் கிளப்புக்கு முந்தையது. 1986இல் முனிசிபல் புந்தாரெனாஸ் அணி தேசிய சாம்பியன் ஆனது. தலைநகர்ப் பக்கத்துப் பெரிய கிளப்புகளே கோலோச்சும் லீக்கில் ஒரு மீன்பிடித் துறைமுகம் ஜெயித்தது லேசான காரியமில்லை!

அப்புறம் அந்தக் கிளப் நொடித்துப்போனது. 2004இல் இப்போதைய கிளப் வந்தது. ஆரஞ்சுச் சட்டை, அதே லித்தோ பெரெஸ் மைதானம். இரண்டே வருடத்தில், 2006இல், ஹோண்டுராஸின் ஒலிம்பியாவை பெனால்டி ஷூட்அவுட்டில் வீழ்த்தி மத்திய அமெரிக்கக் கிளப் கோப்பையைத் தூக்கியது. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் ஹூஸ்டன் டைனமோ கிளப்பை முதல் ஆட்டத்தில் தோற்கடித்தும், மறு ஆட்டத்தில் கோட்டைவிட்டது. 2014இல் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கி, 2022இல்தான் மீண்டது. பெயர்ப்பலகை புதிது, ஊரும் ரசிகர்களும் பழசு. அதனால்தான் அப்படிச் சொல்கிறார்கள்.