கீபோர்டும் டச்பேடும் ஒன்றாகப் படுத்துவிட்டால்

கேள்வி: என்னுடையது திரையைப் பின்பக்கமாக முழுதும் மடிக்கக்கூடிய லெப்டொப், விண்டோஸ் 11. மகனுக்குப் பாட வீடியோ காட்டுவதற்காகக் கூடாரம்போல நிறுத்திவைத்திருந்தேன். திரும்ப விரித்தபோது கீபோர்ட், டச்பேட் இரண்டுமே வேலை செய்யவில்லை. திரையைத் தொட்டால் எல்லாம் ஓடுகிறது, யூஎஸ்பி மவுஸும் சரி. கடையில் காட்டினேன். கீபோர்ட் போய்விட்டது, கொழும்பில் இருந்துதான் எடுப்பிக்க வேண்டும் என்றார்கள். மாற்றத்தான் வேண்டுமா அண்ணன்?
(ஓர் ஆசிரியை, களுவாஞ்சிகுடி)

பதில்: கொஞ்சம் பொறுங்கள் தங்கச்சி, முற்பணம் கொடுத்துவிட வேண்டாம். கீபோர்டை மாற்றச் சொன்னவர் டச்பேடுக்கு என்ன பதில் சொன்னார்?

அவை இரண்டும் வேறுவேறு சாமான்கள். பெரும்பாலான லெப்டொப்புகளில் இரண்டுக்கும் தனித்தனி ரிபன் வயர். விண்டோஸோடு பேசும் வழிகூட வேறு. உள்ளே இருக்கும் கீபோர்ட் பல லெப்டொப்புகளில் இன்னும் 1987இல் ஐபிஎம் கொண்டுவந்த பிஎஸ்/2 முறையில்தான் ஓடுகிறது, டச்பேட் ஐ2சி என்ற வேறொரு வழியில். இப்படிப்பட்ட இரண்டும் சொல்லிவைத்தாற்போல ஒரே நேரத்தில் பழுதாவது அபூர்வம். அதனால் இந்த மாதிரி ஒன்று கல்லடியில் என் மேசைக்கு வந்தால், இரண்டையும் சேர்த்து நிறுத்திவைத்திருப்பது எது என்றுதான் முதலில் தேடுவேன்.

உங்கள் விசயத்தில் எனக்குச் சந்தேகம் அந்த மடிப்பில்தான். இந்த ரக லெப்டொப்பை மடித்துப் பிடிக்கும்போது விரல் பட்டு எழுத்து விழக்கூடாது என்பதற்காக, கீபோர்டையும் டச்பேடையும் அதுவே அணைத்துவிடும். மடிந்திருக்கிறதா விரிந்திருக்கிறதா என்பதை, திரைப் பக்கம் உள்ள சின்னக் காந்தத்தையோ சாய்வை அளக்கும் சென்சரையோ வைத்துத்தான் கண்டுகொள்ளும். அந்தச் சென்சர் குழம்பினால், விரித்து மேசையில் வைத்தபிறகும் "நான் இன்னும் டெப்லட்" என்றே நினைத்துக்கொண்டிருக்கும்.

அதைக் கண்டுபிடிப்பது சுலபம். லெப்டொப்பைச் சாதாரணமாக விரித்துவைத்து, திரையில் எழுதும் இடம் ஒன்றை விரலால் தொடுங்கள். கேட்காமலே திரைக் கீபோர்ட் எழும்பி வருகிறதா? கீழே டாஸ்க்பாரில் உள்ள ஐகன்கள் வழமையைவிட விலகி நிற்கின்றனவா? அப்படியென்றால் அது டெப்லட் நிலையில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. முழுதும் பின்னால் மடித்து, ஒரு கணம் வைத்து, மெதுவாகத் திரும்ப விரியுங்கள். பக்கத்தில் காந்தம் இருந்தால் அகற்றுங்கள்: மூடியில் காந்தம் வைத்த போன் கவர், காந்தப் பூட்டுள்ள கைப்பை, ஸ்பீக்கர், அடியில் கிடக்கும் இன்னொரு லெப்டொப். நம்பமாட்டீர்கள், போனை எடுத்து அப்பால் வைத்ததும் வேலை செய்த லெப்டொப்பும் உண்டு. என்ன பில் போடுவது என்று தெரியாமல் சிரித்துவிட்டு அனுப்பினேன்.

சரி, அதற்கும் அசையவில்லையா? லெப்டொப்புக்குள் கீபோர்ட், பற்றரி, மூடி எல்லாவற்றையும் கவனிக்கும் சின்னக் கட்டுப்பாட்டுச் சிப் ஒன்று இருக்கிறது. நீங்கள் ஷட்டவுன் கொடுத்தாலும் அது பற்றரி மின்சாரத்தில் விழித்தே இருக்கும். குழம்பியிருப்பது அதுதான் என்றால் எத்தனை தரம் அணைத்துப் போட்டாலும் பயன் இல்லை. லெப்டொப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, கழற்றக்கூடிய பற்றரி என்றால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை 30 செக்கன் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். மறுகா சார்ஜரைச் செருகிப் போட்டுப் பாருங்கள்.

இன்னும் ஒரு சோதனை. பவர் கொடுத்தவுடன் எஃப்2 விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள் (எச்பி என்றால் எஸ்கேப் அல்லது எஃப்10). பயோஸ் திரை (விண்டோஸ் தொடங்குமுன் வரும் செட்டிங்ஸ் திரை) வந்து, அம்புக்குறி விசைகளுக்கு அது அசைந்தால் கீபோர்ட் உயிரோடுதான் இருக்கிறது, பிரச்சினை விண்டோஸில். லெப்டொப்பின் உறுப்புகளைப் பட்டியல் போட்டுக் காட்டும் டிவைஸ் மனேஜரில் கீபோர்டுக்கு மஞ்சள் முக்கோணம் இருந்தால் அதை அன்இன்ஸ்டோல் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். மவுஸும் திரைக் கீபோர்டும் அதற்குப் போதும். ஷட்டவுன் அல்ல, ரீஸ்டார்ட். ஷட்டவுனில் விண்டோஸ் பாதி நினைவை எழுதிவைத்துக்கொண்டுதான் தூங்கப்போகும். பயோஸ் திரையே வரவில்லை, வந்தாலும் அசையவில்லை என்றாலும் உடனே கீபோர்டைப் பழி சொல்லாதீர்கள், அந்தச் சென்சர் அங்கும் தடுத்துக்கொண்டிருக்கலாம்.

எல்லாம் பார்த்தபிறகுதான் ஸ்குரு கழற்றும் வேலை. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் வாழ்கிறோம். மாரி முடிந்து வரும் லெப்டொப்புகளைத் திறந்தால் ரிபன் வயரின் நுனியில், பளபளவென்று இருக்கவேண்டிய கோடுகள் கறுத்து, சிலவற்றில் பச்சைப் பூச்சும் படிந்திருக்கும். பற்றரி இணைப்பைக் கழற்றி, பூட்டை நகத்தால் மெல்லத் தூக்கி, வயரை எடுத்து ஐசோபுரோபைல் அல்கஹோலால் துடைத்து, நேராகச் செருகிப் பூட்டினால் பாதிப் பேருக்குச் சரிவரும். அந்தப் பூட்டு முறிந்தால் மதர்போர்டில் கைவைக்க வேண்டிவரும், அதனால் இதைப் பழகியவரிடம் விடுங்கள். ஆனால் நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள்.

டச்பேட் மேலே உப்பி நிற்கிறதா, மேசையில் வைத்தால் லெப்டொப் ஆடுகிறதா என்றும் கவனியுங்கள். அது பற்றரி வீங்கியதன் அடையாளம். அப்படியென்றால் மேலே சொன்ன சோதனை எதுவும் வேண்டாம். சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், பற்றரியை மாற்றத்தான் வேண்டும்.

கேள்வி: விசையைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால்தான் எழுத்து விழுகிறது. வேகமாக அடித்தால் ஒன்றும் வருவதில்லை. கீபோர்ட் தேய்ந்துவிட்டதா?
(காத்தான்குடி வாசகர்)

பதில்: வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா? வலப்பக்க ஷிப்டை 8 செக்கன் பிடித்திருந்தால் ஃபில்டர் கீஸ் என்ற வசதியை விண்டோஸ் தொடக்கிவிடும். கை நடுங்குபவர்களுக்காக, சட்டென்று பட்டு விடும் தொடுகைகளைக் கணக்கில் எடுக்காமல் விடுவது அது. செட்டிங்ஸில் அக்சசிபிலிட்டி, கீபோர்ட் என்று போய் அணையுங்கள். காசு செலவில்லை.

கேள்வி: மவுஸைச் செருகினால் டச்பேட் நிற்கிறது, கழற்றினால் வருகிறது.
(ஒலுவில் மாணவர்)

பதில்: பழுது இல்லை தம்பி. டச்பேட் செட்டிங்ஸில், மவுஸ் செருகியிருக்கும்போதும் டச்பேடை விட்டுவை என்ற பெட்டியில் அடையாளம் போடுங்கள்.

கேள்வி: பிளேன்டீ கொட்டிவிட்டது. அரிசிக்குள் வைத்தால் போதுமா?
(அக்கரைப்பற்று வாசகி)

பதில்: அரிசியைச் சமைத்துச் சாப்பிடுங்கள். பவரை உடனே அணைத்து, சார்ஜரைக் கழற்றி, கீபோர்ட் கீழே பார்க்கும்படி கவிழ்த்து வையுங்கள். ஹெயார் டிரையர் பிடிக்க வேண்டாம். சீனி போட்ட தேநீர் என்றால் காய்ந்தபிறகும் ஒட்டிக்கொண்டு போர்டை அரிக்கும், ஆகவே காய்ந்துவிட்டது என்று போட்டுப் பார்க்காமல் திறந்து கழுவித் துடைக்கக் கொடுங்கள். அது சீனி போட்டதா இல்லையா என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.