வாசகர் கேள்வி – பதில்: கையசைவுக்கு வீடு கட்டுப்படுமா?

கேள்வி: விரல் மூட்டு வலியால் சுவிட்சை அழுத்தச் சிரமப்படும் என் மனைவிக்காக, வெளியூரில் இருக்கும் மகன் பகடை போன்ற ஒரு கருவியை வாங்கி, கூடத்து விளக்குகளோடும் மின்விசிறியோடும் இணைத்துக் கொடுத்தான். வீட்டு வேலைக்கு வரும் அம்மாள் மேசையைத் துடைப்பதற்காக அதை எடுத்து வைத்தாலே விளக்குகள் அணைந்து எரிகின்றன. எப்படிச் சரிசெய்வது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: கருவிக்குத் தெரிந்த எல்லா அசைவுகளுக்கும் உங்கள் மகன் ஆளுக்கொரு வேலை கொடுத்துவிட்டார் என்று ஊகிக்கிறேன். இந்த வகையில் பலரும் அறிந்த, அக்காரா நிறுவனத்தின் க்யூப் என்னும் பகடையை எடுத்துக்கொண்டால், மேசைமேல் தள்ளுவது, குலுக்குவது, இருந்த இடத்திலேயே திருகுவது, ஒரு பக்கமாகப் புரட்டுவது, தலைகீழாகக் கவிழ்ப்பது, மேசையில் இரண்டு முறை தட்டுவது என ஆறு அசைவுகளை அது பிரித்தறிகிறது. உள்ளே இருக்கும் உணரிக்குத் தெரிவது அசைவு மட்டுமே. அசைத்தவர் கட்டளையிட்டாரா, தூசி துடைத்தாரா என்பது அதற்குத் தெரியாது.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது நீக்கம். மேசையைத் துடைக்கும்போது அந்தக் கட்டை எப்படியெல்லாம் நகர்கிறது என்று ஒருநாள் கவனித்துப் பாருங்கள்: சற்றுத் தள்ளப்படும், அல்லது எடுத்து வேறு பக்கமாக வைக்கப்படும். தள்ளுவதும் ஒரு பக்கமாகப் புரட்டுவதும் இப்படித் தற்செயலாக நிகழக்கூடியவை என்பதால், அவ்விரண்டுக்கும் எந்த வேலையும் கொடுக்காமல் வெறுமையாக விட்டுவிடச் சொல்லுங்கள். இரட்டைத் தட்டும் உங்களுக்கு வேண்டாம்; மூட்டு வலி உள்ளவருக்கு அது சுகமான அசைவு அன்று. திருகுவது, தலைகீழாகக் கவிழ்ப்பது, குலுக்குவது ஆகிய மூன்றும் ஒரு கூடத்துக்குத் தாராளமாகப் போதும்.

அடுத்தது, ‘எரிந்தால் அணை, அணைந்திருந்தால் எரியவிடு’ என்று மாறிமாறிச் செயல்படும் கட்டளையைத் தவிர்ப்பது. ஓர் அசைவு தவறுதலாக இரண்டு முறை பதிவானால் விளக்கு எரிந்த வேகத்தில் அணைந்துவிடுவது இதனால்தான். அதற்குப் பதிலாக, கவிழ்த்தால் கூடத்து விளக்கு எரிய வேண்டும், குலுக்கினால் எல்லாம் அணைய வேண்டும் என்று ஒவ்வோர் அசைவையும் ஒரே முடிவில் கட்டிவிட்டால், பத்து முறை பதிவானாலும் கேடில்லை. வீட்டுக் கருவிகளை இணைத்து இயக்கும் ஹோம் அசிஸ்டென்ட் மென்பொருளை உங்கள் மகன் பயன்படுத்துகிறார் என்றால், ‘இந்த அசைவுக்கு இந்த வேலை’ என்று அதில் எழுதிவைத்த விதியை (ஆட்டோமேஷனை), ஒன்று முடியும்வரை அடுத்ததை ஏற்காத ‘சிங்கிள்’ முறையில் வைத்து, கடைசிப் படியாக 2 விநாடி காத்திருப்பைச் சேர்த்தால், அந்த இடைவெளியில் வரும் மறு அசைவுகள் கணக்கில் வராமல் போகும்.

மின்விசிறிக்குத் திருகுதல்தான் பொருத்தம். பழைய ரெகுலேட்டரைத் திருகிப் பழகிய கைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஒரு நுணுக்கம் உண்டு. கை திருகிக்கொண்டிருக்கும்போதே வேகம் மாறாது. திருகி நிறுத்திய பிறகுதான், எத்தனை பாகை திரும்பியது என்ற எண் கருவியிலிருந்து புறப்படுகிறது. 30 பாகைக்கு ஒரு படி என்று வைத்தால், கால் வட்டம் திருகினால் 3 படி ஏறும். விசிறியோ வேகமெடுக்கச் சில விநாடிகள் ஆகும். கட்டளை போய்ச் சேரவில்லை என்று நினைத்து உங்கள் மனைவி மீண்டும் திருகுவார். விசிறி 5-இல் போய் நிற்கும். முதல் ஒரு வாரம் பக்கத்தில் இருந்து, ‘ஒருமுறை திருகிவிட்டுக் கொஞ்சம் பொறு’ என்று சொல்லிக்கொண்டிருங்கள். விளக்கின் வெளிச்சத்தைக் குறைப்பதற்கான டிம்மரை மட்டும் விசிறியோடு இணைத்துவிடாதீர்கள். மோட்டார் உறுமும், சூடாகும். விசிறிக்கென்றே விற்கும் மாட்யூல் என்னும் சிறு கட்டுப்பாட்டுக் கருவிதான் வேண்டும்.

மின்வெட்டு நேரத்தையும் நினைவில் வையுங்கள். பகடை, பொத்தான் வடிவச் சிறு பேட்டரியில் ஓடுவதால் அது விழித்தேயிருக்கும். ஆனால் அதன் சொல்லைக் கேட்டு விளக்குக்கும் விசிறிக்கும் அனுப்ப வேண்டிய மையப் பெட்டியான ஹப்புக்கு மின்சாரம் இல்லையென்றால் பயனில்லை. ஹப்பை இன்வெர்ட்டர் இணைப்புள்ள பிளக்கில் செருகுங்கள். சுவரில் உள்ள பழைய சுவிட்சுகளும் எப்போதும்போல இயங்கும்படி இருக்கட்டும். விருந்தாளிகளுக்கெல்லாம் பகடை வகுப்பு எடுக்க முடியாது.

கேள்வி: கருவி எதையும் தொடாமல், காற்றில் கையசைத்தே கட்டுப்படுத்த முடியாதா? அதற்குக் கேமரா வேண்டுமா?
– கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

பதில்: முடியும், இரண்டு வழிகள் உண்டு. 2019-இல் வந்த கூகுள் நெஸ்ட் ஹப் மேக்ஸ் என்னும் திரையுள்ள ஸ்மார்ட் ஸ்பீக்கர், உயர்த்திய உள்ளங்கையைக் கேமராவால் கண்டு பாட்டை நிறுத்துகிறது. 2021-இல் வந்த இரண்டாம் தலைமுறை நெஸ்ட் ஹப்பில் கேமரா கிடையாது. சோலி என்னும் சிறு ரேடார் 60 கிகாஹெர்ட்ஸ் அலையை அனுப்பி, கையில் பட்டுத் திரும்புவதைக் கொண்டு அசைவை உணர்கிறது. அதே சோலி பொருத்தப்பட்ட பிக்சல் 4 கைப்பேசி, அந்த அலைவரிசைக்கு அப்போது இங்கே அனுமதி இல்லாததால் இந்தியாவில் விற்பனைக்கு வரவில்லை. இரண்டு ஹப்புகளிலும் கையசைவால் நடப்பது பாட்டை நிறுத்துவதும் அலாரத்தை அடக்குவதும் போன்ற சிறு வேலைகளே. படுக்கையறையில் வைப்பதென்றால் கேமரா இல்லாததையே தேர்ந்தெடுப்பேன்.

கேள்வி: தண்ணீர் மோட்டாரையும் கீசரையும் இதே பகடையில் இணைக்கலாமா?
– இல்லத்தரசி, திண்டுக்கல்

பதில்: வேண்டாம். தண்ணீரில்லாத கிணற்றில் மோட்டார் ஓடினால் சுருள் கருகலாம். 2,000 வாட் கீசர் 9 ஆம்பியருக்கு அருகில் இழுப்பதால் சிறிய மாட்யூல்கள் தாங்காது. அப்படியும் மோட்டாரை இணைத்தே ஆக வேண்டுமென்றால், அதற்கு ஏற்ற திறனுள்ள கான்டாக்டரை (அதிக மின்சாரத்தைத் தாங்கும் மின்காந்த சுவிட்சை) எலக்ட்ரீஷியனிடம் சொல்லிப் பொருத்திக்கொண்டு, நிறுத்துவதற்கு மட்டும் ஓர் அசைவை ஒதுக்குங்கள். ஓடவிடுவதற்கு நீங்களே எழுந்துபோய் சுவிட்சைப் போடுங்கள்.