சிங் காலச் (1644–1912) சீனாவில் வணிகர்களுக்குச் சமூகத்தில் கடைசி இடம் என்கிறார்களே, அப்படியானால் பணக்கார வணிகர்கள் புலவர்களுக்கும் புத்தகங்களுக்கும் ஏன் அவ்வளவு செலவழித்தார்கள்?

அறிஞர், உழவர், கைவினைஞர், கடைசியில் வணிகர். நீங்கள் சொல்லும் அந்த வரிசை சீனப் பழம் நூல்களில் இருப்பதுதான். நானும் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் படித்தேன். அதை மனதில் வைத்துக்கொண்டு, உப்பு வணிகர்கள் வாழ்ந்த யாங்சௌ ஊருக்குள் போனால் ஒன்றும் புரியாது.

வேலை நிமித்தம் சில ஆண்டுகள் நான்ஜிங்கில் இருந்தேன். அங்கிருந்து யாங்சௌ சுமார் நூறு கிலோமீட்டர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அலுவலக நண்பர் ஒருவர் கெ யுவான் என்ற தோட்டத்துக்கு அழைத்துப் போனார். 1818-இல் ஹுவாங் ஜியுன் என்ற உப்பு வணிகர் கட்டியது. எங்கு திரும்பினாலும் மூங்கில். 'கெ' என்ற சீன எழுத்தே மூங்கில் இலை தொங்குகிற மாதிரி இருக்கும். ஒரு கூடத்தில் இரண்டு பலகைகளில் பெரிய எழுத்தில் ஏதோ தொங்கியது. நண்பர் படித்துப் பொருள் சொன்னார்: பல நூறு ஆண்டு தழைக்கிற குடும்பம் புண்ணியம் சேர்க்கிற குடும்பம்தான், உலகில் முதல் தரமான காரியம் படிப்பு ஒன்றுதான். வேறு கூடங்களிலும் தேடிப் பார்த்தேன். வீடு முழுக்க உப்புக் காசு, உப்பைப் பற்றி ஒரு வரி கூடக் கண்ணில் படவில்லை.

ஏன் என்று தெரிய அந்த வியாபாரம் நடந்த விதத்தைப் பார்க்க வேண்டும்.

உப்பு அரசின் ஏகபோகம். ஜியாங்சு கடலோரத்தில் எடுத்த உப்பு ஆறுகள் வழியாக ஆன்ஹுய், ஜியாங்சி, ஹுபெய், ஹுனான் என்று உள்நாட்டுக்குப் போகும். உப்பை யார், எவ்வளவு, எந்த மாகாணத்துக்குக் கொண்டுபோகலாம் என்பதற்கு அரசு உரிமச் சீட்டு கொடுக்கும். அந்தச் சீட்டு வாங்க உங்கள் பெயர் பதிவேட்டில் இருக்க வேண்டும். 1617-இல், அதாவது சிங்குக்கு முந்தைய மிங் அரசு காலத்தில், ஏற்பட்ட ஏற்பாடு அது. பெயர் உள்ள குடும்பத்துக்குப் பரம்பரை உரிமை, இல்லாதவர் உள்ளே நுழைய முடியாது. சிங் அரசும் இதை அப்படியே வைத்துக்கொண்டது.

அப்படியானால் ஒரு உப்பு வணிகரின் உண்மையான சொத்து படகும் இல்லை, கிடங்கும் இல்லை. ஏதோ ஒரு அலுவலகத்துப் பேரேட்டில் இருக்கும் அவர் பெயர்தான். அதை ஒரு அதிகாரி தூரிகையால் ஒரு கோடு போட்டு அடித்துவிடலாம். போருக்கு, வெள்ள நிவாரணத்துக்கு, சக்கரவர்த்தி பிறந்தநாளுக்கு என்று அரசு 'நன்கொடை' கேட்டால் மறுக்கவும் முடியாது. 1738-இலிருந்து 1804 வரை யாங்சௌ உப்பு வணிகர்கள் இப்படிக் கொடுத்தது மூன்றரைக் கோடி லியாங்குக்கு மேல். ஒரு லியாங் என்பது சுமார் 37 கிராம் வெள்ளி.

இந்த நிலையில் இருப்பவர் என்ன செய்வார்? மகனைப் படிக்க வைப்பார். தம்பி உப்பைப் பார்த்துக்கொள்வான், அண்ணன் மகன் அரசு அதிகாரி ஆவதற்கான தேர்வு எழுதுவான். தேறாவிட்டால் நூற்றுச் சொச்சம் லியாங்குக்கு ஒரு கீழ்நிலைப் பட்டத்தை அரசிடமே விலைக்கு வாங்கலாம், அதற்கும் வழி இருந்தது. ஆனால் தலைநகரில் எழுதி வாங்கும் மேல்பட்டம் விலைக்கு வராது. அதிலும் இந்த உப்பு வணிகக் குடும்பங்கள் 1644-க்கும் 1802-க்கும் இடையில் 139 பேரைத் தேற வைத்திருக்கின்றன. அறிஞர் ஒரு சாதி, வணிகர் இன்னொரு சாதி என்று நாம் நினைத்துக்கொள்வதால்தான் குழப்பம். ஒரே வீட்டுக் கூடத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

பெரும்பாலோர் பூர்விகத்தில் யாங்சௌக்காரர்களும் அல்ல. மலைகள் சூழ்ந்து விளைநிலம் குறைந்த ஹுய்சௌ பகுதியிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அப்படி வந்த குடும்பம் ஒன்றில் பிறந்தவர்கள்தான் மா யுவேகுவான், மா யுவேலு என்ற அண்ணன் தம்பி. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தவர்கள் இவர்கள். வீட்டில் பெரிய நூலகம். வருகிற அறிஞர் யாராக இருந்தாலும் தங்கிப் படிக்கலாம். லி எ என்ற கவிஞர் அங்கே உட்கார்ந்து படித்துத்தான் சொங் காலக் (960–1279) கவிஞர்களைப் பற்றி நூறு பாகத் தொகுப்பு ஒன்றை எழுதினார். சுவான் சூவாங் என்ற வரலாற்று அறிஞர் கடும் நோயில் விழுந்தபோது வைத்தியருக்குப் பணத்தை வாரி இறைத்தார்கள். அவர்கள் அச்சிட்ட நூல்கள் அவ்வளவு நேர்த்தி. 'மா பதிப்பு' என்றே பெயர் வந்துவிட்டது.

எல்லோரும் இப்படி என்று எண்ண வேண்டாம். பத்தாயிரம் லியாங்குக்குத் தங்க ரேக்கு வாங்கி ஒரு கோபுரத்தின் மேலேறிக் காற்றில் பறக்கவிட்ட ஆளும் அதே ஊர்தான். பொம்மைகளை மொத்தமாக வாங்கி ஆற்றில் மிதக்கவிட்டுத் தண்ணீர் ஓட்டத்தையே அடைத்தவர் இன்னொருவர்.

புலவர்கள் பக்கம் என்ன நடந்தது என்பதற்கு ஜெங் பான்சியாவ் போதும். 1736-இல் மேல்பட்டம் பெற்றவர், ஷான்தோங்கில் மாவட்ட அதிகாரியாக இருந்தவர். வேலையை விட்டு யாங்சௌவில் மூங்கில் ஓவியம் விற்றுப் பிழைத்தார். 1759-இல் விலைப்பட்டியலே எழுதி வைத்தார்: பெரிய ஓவியம் ஆறு லியாங், நடுத்தரம் நான்கு, சிறியது இரண்டு, விசிறிக்கு அரை லியாங். அதிலேயே இப்படியும் எழுதினார்: பரிசுப் பொருளோ தின்பண்டமோ கொண்டுவராதீர்கள், நீங்கள் கொடுப்பது எனக்குப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. வெள்ளியாகக் கொடுத்தால் மனம் குளிரும், படமும் நன்றாக வரும். கடன் கிடையவே கிடையாது. மேல்பட்டம் பெற்ற ஒருவர் கடைக்காரர் மாதிரி இப்படிப் பலகை மாட்டுகிறார், உப்புக்கடைக்காரர் கூடத்தில் 'படிப்பே முதல்' என்று பலகை தொங்குகிறது. யார் மேலே, யார் கீழே, நீங்களே சொல்லுங்கள்.

அதிகாரிகளும் இதே வட்டத்தில்தான் இருந்தார்கள். யாங்சௌவில் உப்பு நிர்வாகம் பார்த்த லூ ஜியென்செங் 1757-இல் ஒரு கவிதைக் கூட்டம் நடத்தினார். அவர் எழுதிய கவிதைக்கு அதே எதுகையில் பதில் கவிதை எழுதியவர்கள் 7,000 பேருக்கு மேல்! அதே ஆண்டு அவர் அலுவலகத்தில்தான் தாய் ஜென் என்ற இளம் அறிஞர் மூத்தவரான ஹுய் தோங்கைச் சந்தித்தார். பழைய நூல்களைச் சொல் சொல்லாகச் சோதித்துப் பார்க்கும் ஆய்வு முறையில் இருவருமே பெரிய பெயர்கள். தாய் ஜென்னின் அப்பா ஹுய்சௌவைச் சேர்ந்த துணி வியாபாரி.

பிறகு 1768. ஒரு ஆண்டுக்கான உப்புச் சீட்டு தீர்ந்தால் அடுத்த ஆண்டுச் சீட்டை முன்கூட்டியே கொடுப்பது வழக்கம். அப்போது சீட்டுக்கு மூன்று லியாங் கூடுதலாக வாங்கினார்கள். சுமார் இருபது ஆண்டு இது தலைநகரக் கருவூலத்தின் கணக்கில் ஏறவே இல்லை. புதிதாக வந்த அதிகாரி ஒருவர் எழுதிப் போட்டதும் குட்டு வெளிப்பட்டது. மொத்தம் ஒரு கோடி லியாங்குக்கு மேல். அதில் ஒரு பகுதி சக்கரவர்த்தி சியென்லோங் தெற்கே சுற்றுப்பயணம் வந்தபோது செய்த ஆடம்பரத்துக்கே போயிருந்தது என்பதுதான் வேடிக்கை. ஆனாலும் உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தானே ஆக வேண்டும். சக்கரவர்த்தியின் மறைந்த மனைவியருள் ஒருவரின் சகோதரரான காவ் ஹெங்குக்கே மரண தண்டனை. லூ ஜியென்செங் சிறையிலேயே இறந்தார்.

லூவுக்கு முன்கூட்டியே துப்புக் கொடுத்தவர் ஜி யுன், தலைநகரில் இருந்த பெரிய அறிஞர். இருவரும் சம்பந்தி முறை. ஜி யுன்னின் மகளை லூவின் பேரனுக்குக் கொடுத்திருந்தார்கள். ஒரு உறையில் கொஞ்சம் உப்பும் தேயிலையும் மட்டும் போட்டு அனுப்பினார் என்று கதை சொல்வார்கள். சீனத்தில் தேயிலைக்கும் 'சோதனை' என்பதற்கும் ஒரே ஒலி. உப்புக் கணக்கில் சோதனை வருகிறது என்று அர்த்தமாம். உறை கட்டுக்கதையாக இருக்கலாம், தண்டனை உண்மை. ஜி யுன்னை உரும்சிக்கு நாடு கடத்தினார்கள்.

அதே ஜி யுன்னைத் திரும்ப அழைத்து, 1773-இல் தொடங்கிய மாபெரும் நூல் தொகுப்புக்குத் தலைமைப் பதிப்பாளர்களில் ஒருவராக்கினார் அதே சக்கரவர்த்தி. சிகு சுவான்ஷு என்று பெயர். ஏறத்தாழ 3,460 நூல்கள், ஏழு பிரதிகள், எல்லாம் கையெழுத்து. இதற்கு நாடு முழுவதிலும் வீட்டு நூலகங்களிலிருந்து புத்தகம் கேட்டார்கள். ஐந்நூறுக்கு மேல் கொடுத்தவை நான்கு குடும்பங்கள். அவற்றில் மூன்று ஹுய்சௌ வணிகக் குடும்பங்கள்! மா குடும்பத்தின் அடுத்த தலைமுறை மட்டும் 776 நூல்கள் கொடுத்தது. கொடுத்ததில் பயமும் கலந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அதே திட்டத்தின் மறுபக்கமாக, மஞ்சு இனத்தவரான சிங் அரசர்களின் ஆட்சியைத் தாழ்த்தும் நூல்கள் என்று இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவற்றைத் தடைசெய்து, கிடைத்ததை எரித்தார்கள். யாங்சௌவுக்கும் ஒரு பிரதி வந்தது. 1850-களில், சிங் அரசுக்கு எதிரான தைப்பிங் கிளர்ச்சிப் போரில் சாம்பலானது.

இந்தப் பணத்தைத் தொழிலில் போடாமல் தோட்டத்திலும் புத்தகத்திலும் வீணடித்தார்கள் என்று சில வரலாற்றாசிரியர்கள் குறைபடுவதுண்டு. எனக்கு அது கொஞ்சம் அநியாயமாகப் படுகிறது. பேரேட்டில் இருக்கும் பெயர்தான் முதல் என்றால், பேரேட்டை வைத்திருப்பவரோடு உட்கார்ந்து கவிதை எழுதுவதை விட நல்ல முதலீடு என்ன இருக்கிறது?

ஆனால் அந்த முதலீடு கடைசியில் கைகொடுக்கவில்லை. அரசு உப்பின் விலை ஏறி ஏறிக் கள்ள உப்பு பெருகியது, வணிகர்களின் வரிப் பாக்கியும் மலையாகக் குவிந்தது. ஜியாங்சு, ஆன்ஹுய், ஜியாங்சி மாகாணங்களின் தலைமை ஆளுநராக இருந்த தாவ் ஷு, தேர்வில் தேறி வந்த அறிஞர்தான், 1832-இல் ஹுவாய் ஆற்றின் வடபகுதியில் பரம்பரை உரிமையை ஒழித்தார். வரி கட்டும் யாரும் சீட்டு வாங்கலாம். 1850-இல் தென்பகுதியிலும் அதே கதை. பழைய வீடுகள் ஒவ்வொன்றாக நொடித்தன.

யாங்சௌக்காரர்களால் தாவ் ஷுவை ஒன்றும் செய்ய முடியவில்லை. சீட்டாடும்போது சீட்டுக்கட்டில் புதிதாக ஒரு சீட்டைச் சேர்த்தார்கள், பீச் மரம் வரைந்த சீட்டு. பீச்சுக்கும் அவர் குடும்பப் பெயருக்கும் சீனத்தில் ஒரே ஒலி. அது யார் கைக்கு வருகிறதோ, அவர் மொத்த ஆட்டத்தையும் ஜெயித்திருந்தாலும் தோற்றவர்தான். எடுத்தவர் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டேதான் அதைக் கீழே போடுவாராம்.